குழிக்குள் இறங்கிய புவியியல்

பகுதி 8

உரால் மலையடிவாரத்து மியாஸ் ஊரில் ஜெர்மன் அறிஞர் ஹும்போல்ட் தம் 60-ஆவது பிறந்தநாளைக் கொண்டாடியதோடு சென்ற பகுதி முடிந்தது. அது 1829. குதிரை வண்டியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனவர் அவர். போகிற வழியெல்லாம் மலையின் உயரத்தை அளந்தார், காற்றின் வெப்பத்தைக் குறித்தார், செடிகளைப் பறித்துக் காயவைத்தார். ஆனாலும் அவருடைய பார்வை மேட்டில் ஏறி நின்று சுற்றிலும் பார்க்கிறவரின் பார்வைதான். ஜெர்மன் மொழியில் அப்படிக் கண்முன் விரியும் நிலத்துக்கு லாண்ட்ஷாஃப்ட் என்று பெயர். 'வட்டாரம்' என்ற பழைய பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு.

அந்தச் சொல் ரஷ்யாவுக்குள் போய் என்ன ஆனது என்பதுதான் இந்தப் பகுதி. ரஷ்ய ஓவியர்கள் பிரெஞ்சிலிருந்து பெய்ஸாஜ் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். லெவித்தான் வரைந்தவை பெய்ஸாஜ். லாண்ட்ஷாஃப்ட் மெல்ல மெல்ல அறிவியலாளர்களின் சொல்லாக மாறியது. தமிழில் இரண்டையும் 'நிலக்காட்சி' என்று எழுதிவிட்டால் இந்த வரலாறே புரியாமல் போய்விடும். காட்சி என்றாலே எதிரே பார்க்கிற கண் ஒன்று வந்து நின்றுவிடுகிறது. அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு, யாரும் பார்க்காதபோதும் ஒரு நிலம் எதனால் ஒன்றாகச் சேர்ந்து நிற்கிறது என்று கேட்பதில்தான் ரஷ்யர்கள் நூறு ஆண்டுகளைச் செலவிட்டார்கள். அதனால் லாண்ட்ஷாஃப்ட் என்றே எழுதுகிறேன்.

கதையைத் தொடங்கிவைத்தவர் வசீலி தொகுச்சாயெவ். 1846-இல் ஸ்மலென்ஸ்க் மாகாணத்து மிலியூக்கவோ கிராமத்தில் பாதிரியார் மகனாகப் பிறந்தவர். குருமடப் பள்ளியில் படித்து, பாதிரிமார் கல்லூரியிலும் சேர்ந்து, சில வாரங்களிலேயே அதை விட்டுவிட்டு பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1873-இலும் 1875-இலும் தெற்கு ரஷ்யாவின் கரிசல் நிலங்களில் மழை பொய்த்தது. நாட்டிலேயே வளமான மண் ஏன் இப்படிக் கைவிடுகிறது என்று அறிய விரும்பிய சுதந்திரப் பொருளாதாரச் சங்கம் அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தது. 1877, 1878 ஆகிய இரண்டு கோடைகளில் அவர் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் சுற்றினார். போன இடத்திலெல்லாம் குழி வெட்டினார்.

அந்தக் குழிக்குள் நாமும் ஒருமுறை இறங்கிப் பார்ப்போம். ஓர் ஆள் இறங்கி நிற்கும் ஆழம். வெயில் படுகிற பக்கத்துச் சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவி விட்டிருக்கிறார்கள். மேலே ஒரு சாண் அளவுக்குப் புல்வேர்கள் பாய்போலப் பின்னிக் கிடக்கின்றன. அதற்குக் கீழே கரிய மண். ஈரமாக இருந்தால் அடுப்புக்கரி நிறம். கையில் எடுத்துப் பிசைந்தால் சேறாகக் குழையாது. பயறும் தினையும்போல உருண்டை உருண்டையாக உதிரும். இன்னும் கீழே போகப் போகக் கருமை குறைந்து பழுப்பாகிறது. சுவரில் அங்கங்கே வட்ட வட்டமாகத் திட்டுகள் தெரிகின்றன: வெளுத்த மண்ணுக்குள் கரிய வட்டம், கரிய மண்ணுக்குள் மஞ்சள் வட்டம். ஸ்டெப்பி என்னும் புல்வெளியில் வாழும் அணிலினங்களும் வளை எலிகளும் தோண்டிய வளைகள் பின்னால் வேறு மண்ணால் நிரம்பிப்போனதன் அடையாளம் அவை. அதற்கும் கீழே பூஞ்சை படர்ந்ததுபோல வெள்ளை இழைகள். ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துச் சீறும், அது சுண்ணாம்பு. அடியில் மஞ்சள் நிறத்தில் வண்டல்போன்ற லெஸ் மண்.

இந்தச் சுவரைத்தான் தொகுச்சாயெவ் படித்தார். சுண்ணாம்பு எந்த ஆழத்தில் நிற்கிறதோ அந்த ஆழம் வரைதான் மழைநீர் இறங்குகிறது. மண் உருண்டை உருண்டையாக இருப்பது புல்வேர்களும் மண்புழுக்களும் செய்த வேலை. கருமை, ஆண்டுதோறும் மடிந்து மக்கிய புல். அடியில் இருக்கும் லெஸ், பாறைகளின் வரலாறு. திட்டுகள், உயிர்களின் நடமாட்டம். மேடா பள்ளமா என்பதும் அடுக்குகளின் கனத்தில் தெரிந்தது. கரிசல் மண் என்பது கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன சேறு என்று 18-ஆம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் பல்லாஸ் போன்றவர்கள் நினைத்திருந்தார்கள். இல்லை, அது அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தது என்றார் தொகுச்சாயெவ். தட்பவெப்பம், தாய்ப்பாறை, உயிர்கள், நில ஏற்ற இறக்கம், வயது ஆகிய ஐந்தும் கூடிப் பெற்ற பிள்ளை மண். 1883-இல் வெளிவந்த 'ரஷ்யக் கரிசல் மண்' என்ற அவருடைய நூலின் சாரம் இது.

அந்தச் சுவரில் லாண்ட்ஷாஃப்ட் முழுவதும் இருக்கிறது. பெயர்தான் இன்னும் வைக்கப்படவில்லை. மழையும் புல்லும் எலியும் பாறையும் தனித்தனிப் பாடங்களாக இருந்த காலத்தில், அவற்றை ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டிய முதல் ஆவணம் அந்தக் குழி என்பேன்.

பிறகு நீஷ்னி நோவ்கரத் மாகாண உள்ளாட்சி மன்றம் அவரை அழைத்தது. எந்த நிலத்துக்கு எவ்வளவு வரி போடுவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 1882 முதல் 1886 வரை அவரும் மாணவர்களும் மாவட்டம் மாவட்டமாக நடந்தார்கள். 14 தொகுதிகள் வெளிவந்தன. இந்த நடையில் ஒரு முக்கியமான பழக்கம் உருவானது. உழுகிறவர் மண்ணை என்ன பெயரிட்டுச் சொல்கிறாரோ அந்தப் பெயரையே அறிவியல் எடுத்துக்கொண்டது. கரிய மண் என்ற பொருளுடைய செர்னோஸ்யோம் அப்படி வந்தது. ஏர் ஆழமாக இறங்கும்போது சாம்பல் நிறத்தில் வெளுத்த மண் புரண்டு மேலே வருவதைப் பார்த்துக் காட்டுப்பகுதி உழவர்கள் வைத்த பத்ஸோல் என்ற பெயரும் அப்படியே. இன்று உலகில் எங்கே மண்ணியல் படித்தாலும் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை வைத்தது எந்தக் கல்விக்கழகமும் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

1891-இல் வோல்கா கரையிலும் கரிசல் மாகாணங்களிலும் பயிர் முழுவதும் கருகியது. பஞ்சம் வந்தது, பின்னாலேயே காலரா வந்தது. இறந்தவர்கள் லட்சக்கணக்கில். அடுத்த ஆண்டே தொகுச்சாயெவ் 'நமது ஸ்டெப்பிகள்: அன்றும் இன்றும்' என்ற நூலை வெளியிட்டார். விற்ற பணம் பஞ்சத்தில் வாடியவர்களுக்கு. மழை குறைந்துபோனதை மட்டும் அவர் காரணமாகச் சொல்லவில்லை. புல்வெளியை உழுதுவிட்டோம், அதனால் பனியைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாமல் காற்று அதை ஓடைகளுக்குள் தள்ளிவிடுகிறது. ஓடைக்கரைக் காடுகளை வெட்டிவிட்டோம், அதனால் ஓடைகள் அகன்று வயலைத் தின்கின்றன. மண்ணின் உருண்டைகள் நொறுங்கித் தூளாகிவிட்டன, அதனால் பெய்கிற மழையும் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுகிறது. ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாம் அசைகிற ஒரு கட்டமைப்பை நாம் அவிழ்த்துவிட்டோம் என்பது அவருடைய வாதம்.

லாண்ட்ஷாஃப்ட் என்ற கருத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தத்துவத்திலிருந்து தொடங்குவார்கள். நான் இந்தப் பஞ்சத்திலிருந்துதான் தொடங்குவேன். நிலத்தின் எல்லாப் பகுதிகளும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்ற எண்ணம் ரஷ்யாவில் வேர்பிடித்தது ஓவியக்கூடத்தில் அல்ல. வயல் ஏன் விளையவில்லை என்ற கேள்வியில்.

அவிழ்ந்ததைத் திரும்பக் கட்டமுடியுமா என்று பார்க்க 1892-இல் ஒரு தனிப் பயணக்குழு அமைக்கப்பட்டது. வரோனெஷ் மாகாணத்தில் கமென்னயா ஸ்டெப், அதாவது கல் ஸ்டெப்பி, அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று. மரமே இல்லாத சமவெளியில் வரிசை வரிசையாக மரம் நட்டார்கள், குளம் வெட்டினார்கள். உழவு, புல், காடு, நீர் ஆகிய நான்கும் எந்த அளவில் இருந்தால் நிலம் தாங்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். அந்த ஓக் மர வரிசைகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

1899-இல் தொகுச்சாயெவ் இயற்கை மண்டலங்களைப் பற்றிய சிறு நூலை எழுதினார். கல்லையும் செடியையும் விலங்கையும் தனித்தனியே ஆராய்ந்துவிட்டோம், அவற்றுக்கு இடையிலுள்ள உறவை ஆராய ஒரு புதிய அறிவியல் வேண்டும் என்று அதில் கேட்டார். அதைத் தாமே எழுத அவருக்கு உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. மனைவி அன்னா 1897-இலேயே இறந்துவிட்டார். கடைசி ஆண்டுகளை நோயில் கழித்து 1903-இல் தொகுச்சாயெவும் மறைந்தார். மாணவர்கள் பல திசைகளில் போனார்கள். வெர்னாத்ஸ்கி உயிர்க்கோளத்தை நோக்கிப் போனார். மரோஸவ் காட்டை ஒரு முழுமையாக எடுத்துக்கொண்டார். கிரஸ்னோவ் இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பான் எனத் தேயிலை விளையும் நாடுகளைச் சுற்றிவந்து, 1912-இல் கருங்கடல் கரையில் பத்தூமித் தாவரப் பூங்காவைத் தொடங்கினார். அங்கே செடிகள் குடும்பவாரியாக நடப்படவில்லை; ஒவ்வொரு நாட்டின் இயற்கையும் ஒரு பகுதியாக அமைக்கப்பட்டது. இதுவும் தொகுச்சாயெவ் பாடம்தான்.

தொகுச்சாயெவ் கேட்ட அறிவியலுக்குப் பெயர் வைத்தவர் மாணவர் கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தார். லேவ் பெர்க், மீன் ஆராய்ச்சியாளர். 1876-இல் பெஸ்ஸராபியாவின் பெந்தேரி நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மாஸ்கோவில் அனூச்சினிடம் படித்துவிட்டு, ஆரல் கடலிலும் சிர் தாரியா ஆற்றிலும் மீன்வளத்தை மேற்பார்வையிடும் வேலைக்குப் போனார். மத்திய ஆசியா நாளுக்கு நாள் வறண்டுகொண்டே போகிறது என்பது அப்போது எல்லோரும் சொன்ன கருத்து. பெர்க் கடற்கரையில் நின்று பார்த்தபோது நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஏறும், இறங்கும், ஒரே பக்கமாகப் போவதில்லை என்று 1905-இல் எழுதினார். 1908-இல் வந்த 'ஆரல் கடல்' நூல் அவருக்கு நேரடியாக முனைவர் பட்டத்தையே வாங்கித் தந்தது. அவர் 1950-இல் இறந்தார். 1960-களிலிருந்து, கடலுக்குப் போக வேண்டிய இரண்டு ஆறுகளின் நீரும் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட, அந்தக் கடல் ஒரே பக்கமாகத்தான் போனது. அவர் பார்க்காமல் போனது ஒருவகையில் நல்லது.

1913-இல் ஆசிரியர் அனூச்சினின் 70-ஆம் ஆண்டு மலருக்காக பெர்க் ஒரு கட்டுரை எழுதினார். சைபீரியாவையும் துர்க்கெஸ்தானையும் லாண்ட்ஷாஃப்ட் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கும் முயற்சி அது. நில ஏற்ற இறக்கம், தட்பவெப்பம், தாவரம், மண் எல்லாம் இசைந்து ஒரு முழுமையாகி, அதே மண்டலத்தில் திரும்பத் திரும்பத் தென்படும் இடத்துக்கு லாண்ட்ஷாஃப்ட் என்று பெயர் என்றார். புவியியலின் பொருளே இதுதான் என்று பின்னர் வாதிட்டார். 1931-இல் சோவியத் ஒன்றியத்தின் மண்டலங்களை அவர் விவரித்தபோது விலங்குகளும், ஓரளவுக்கு மனிதரின் செயலும் அந்த வரையறைக்குள் வந்து சேர்ந்தன. 'ஓரளவுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதைச் சுற்றித்தான் அடுத்த அறுபது ஆண்டுச் சண்டை.

பெர்க்கின் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் இடத்தைக் கண்முன் நிறுத்தும் விதம். சிறிய மணல்மேடும் லாண்ட்ஷாஃப்ட், தைகா முழுவதும் லாண்ட்ஷாஃப்ட் என்று அவர் சில சமயம் எழுதுவார். அளவு குழம்பும். ஆனால் படிக்கிறவருக்கு இடம் குழம்பாது. துந்த்ராவைப் பற்றி எழுதினால் காலடியில் பாசி நசுங்குவது தெரியும்.

1930-களில் காற்று மாறியது. 'இசைந்த முழுமை' என்ற சொல்லே சந்தேகத்துக்கு உள்ளானது. அறிவியல் கழகத்தின் புவியியல் நிறுவனத் தலைவர் அந்திரேய் கிரிகோரியெவ், பெர்க் இடங்களை வருணிக்கிறாரே தவிர அங்கே நடப்பதை விளக்கவில்லை என்று தாக்கினார். அந்தக் காலத்தில் ஒரு கருத்தைக் கண்டிப்பது கருத்தோடு நின்றுவிடாது என்பதால் அந்தத் தாக்குதலைப் படிக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் கிரிகோரியெவின் கேள்வி உண்மையான கேள்வி. வெயிலாக எவ்வளவு வெப்பம் வருகிறது, பெய்யும் மழை முழுவதையும் ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? 1956-இல் அவரும் காலநிலையியலாளர் புதீக்கோவும் இந்த விகிதத்தையே மண்டலங்களின் விதியாக்கினார்கள். 1-க்குக் கீழே இருந்தால் காடும் துந்த்ராவும். 1-ஐத் தாண்டினால் ஸ்டெப்பி. 3-ஐத் தாண்டினால் பாலைவனம். பெர்க் கண்ணால் கண்டு பிரித்ததற்கு எண் கிடைத்தது.

இன்னொருவர் போரிஸ் பலீனவ். தொகுச்சாயெவ் மரபில் வந்த மண்ணியலாளர். மேட்டில் பெய்கிற மழை உப்பையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு சரிவில் இறங்குகிறது, பள்ளத்தில் சேர்க்கிறது, குளத்தில் படிய விடுகிறது. ஆகவே மேடு, சரிவு, பள்ளம் மூன்றும் வேதிப்பொருள்களைக் கைமாற்றிக்கொள்ளும் ஒரே குடும்பம் என்று அவர் காட்டினார். லாண்ட்ஷாஃப்ட் இப்போது ஓடத் தொடங்கிவிட்டது. 1937-இல் அவர் கைது செய்யப்பட்டார். 1939-இல் விடுதலையாகி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

1946-இல் மறுபடி வறட்சி, மறுபடி பஞ்சம். 1948 அக்டோபர் 20-ஆம் தேதி அரசு மாபெரும் திட்டம் ஒன்றை அறிவித்தது: மொத்தம் 5,320 கிலோமீட்டர் நீளத்துக்கு எட்டுக் காட்டு வரிசைகள், அவற்றோடு லட்சக்கணக்கான ஹெக்டேரில் வயல் காப்பு மரங்கள், குளங்கள். தொகுச்சாயெவின் பெயர் எங்கும் ஒலித்தது. ஆனால் அவர் ஒவ்வோர் இடத்தையும் குழி வெட்டிப் படித்துவிட்டுத்தான் மரம் நட்டார். இங்கே வரைபடத்தில் கோடு இழுத்துவிட்டு நட்டார்கள். வேளாண் அறிவியலாளர் லிசென்கோ சொன்னபடி ஓக் விதைகளைக் கொத்துக் கொத்தாக ஊன்றியதில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. 1953-இல் ஸ்தாலின் இறந்ததும் திட்டம் நின்றது.

அந்த ஆண்டுகளில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நிகலாய் சோல்ன்ட்ஸெவ் வேறொரு வேலையில் இருந்தார். மாணவர்களை அழைத்துக்கொண்டு மாஸ்கோவைச் சுற்றிய சாதாரண நிலத்தில் அடி அடியாக நடந்தார். பெரிய மண்டலங்களைப் பற்றிப் பேசுவது போதும், என் காலடியில் இருப்பது என்ன என்பது அவர் கேள்வி. பனியாற்றுக் காலம் விட்டுப்போன ஒரு சிறு குன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வடக்குச் சரிவில் பனி தாமதமாக உருகும், ஸ்ப்ரூஸ் மரம் நிற்கும். தெற்குச் சரிவு சீக்கிரம் காயும். அடிவாரத்தில் நீர் ஊறும், ஆல்டர் மரங்கள் இருக்கும். ஒரே மண், ஒரே ஈரம், ஒரே செடிக்கூட்டம் உள்ள மிகச் சிறிய துண்டுக்கு ஃபாத்ஸியா என்று பெயர். ஒரு குன்றையோ ஓடைப்பள்ளத்தையோ சேர்ந்த ஃபாத்ஸியாக்கள் கூடினால் ஊரோச்சிஷ்சே. அவை கூடினால் மேஸ்த்னஸ்த். அதற்கும் மேலேதான் லாண்ட்ஷாஃப்ட். பிறப்பால் ஒன்றான, இந்தத் துண்டுகள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் நிலம்.

இதில் ஊரோச்சிஷ்சே என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். பழைய நிலப் பத்திரங்களில் எல்லைக்குறியாக எழுதப்பட்ட சொல் அது. வயலுக்கு நடுவே ஒரு காட்டுத்துண்டு, காட்டுக்கு நடுவே ஒரு சதுப்பு, இப்படிச் சுற்றியிருப்பதிலிருந்து மாறுபட்டு, ஊர்க்காரர்கள் பேர் சொல்லிக் குறிப்பிடும் எந்த இடமும் ஊரோச்சிஷ்சே. ஜெர்மனியிலிருந்து வந்த லாண்ட்ஷாஃப்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே ரஷ்யக் கிராமத்துச் சொல் இருந்தது.

பிறகு வந்த வாதங்கள் பல. லாண்ட்ஷாஃப்ட் என்பது தனிப்பெயர் உள்ள ஓர் இடமா, பல இடங்களுக்குப் பொதுவான ஒரு வகையா, அளவு எதுவானாலும் பொருந்தும் பொதுச்சொல்லா? லெனின்கிராதின் இசாச்சென்கோ முதற்கட்சி. 1963-இல் இர்க்கூத்ஸ்கில் ஸச்சாவா 'புவி அமைப்பு' என்ற சொல்லைக் கொண்டுவந்து, தைகாவில் ஆராய்ச்சி நிலையங்கள் அமைத்து, நீரும் வெப்பமும் நாள்தோறும் மாறுவதை அளக்கவைத்தார்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்ட வாதம் மற்றொன்று. சோல்ன்ட்ஸெவின் பார்வையில் லாண்ட்ஷாஃப்ட் பாறையிலும் நில அமைப்பிலும் நிற்பது. காட்டை வெட்டலாம், உழலாம். அடித்தளம் மாறாதவரை லாண்ட்ஷாஃப்ட் மாறியதாகச் சொல்லமுடியாது. மனிதர் வந்துபோகிறவர். வரோனெஷ் பல்கலைக்கழகத்தின் ஃபியோதர் மில்க்கவ் இதை ஏற்கவில்லை. 1973-இல் வெளிவந்த 'மனிதனும் லாண்ட்ஷாஃப்டுகளும்' நூலில் வயலும் குளமும் சுரங்கக்குழியும் நட்ட காடும் மனிதர் பிறப்பித்த முழு லாண்ட்ஷாஃப்டுகளே என்றார். கமென்னயா ஸ்டெப் இருக்கும் அதே மாகாணத்திலிருந்து இந்தக் குரல் வந்தது தற்செயலாக எனக்குப் படவில்லை. மரமில்லாத நிலத்தில் மனிதர் நட்ட ஓக் காடு எண்பது ஆண்டாகப் பனியைப் பிடித்துவைத்து மண்ணையும் நீரையும் மாற்றுவதைப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு, மனிதரை வெளியாளாகச் சொல்வது கடினம்.

என் மனம் மில்க்கவ் பக்கம். அதற்குச் சான்றாக ஒரு வரைபடத்தைக் காட்டுகிறேன்.

பிஸ்கோவ், த்வேர், கஸ்த்ரமா மாகாணங்களின் விரிவான வரைபடங்களில், காட்டுக்கு நடுவே வெறும் இடத்தில் ஒரு சுருக்கெழுத்தும் அதன்பின் ஒரு பெயரும் அச்சாகியிருக்கும். அது ஊரோச்சிஷ்சே என்பதன் சுருக்கம். பல இடங்களில் அந்தப் பெயர் முன்பு அங்கே இருந்த கிராமத்தின் பெயர். கூட்டுப்பண்ணையாக்கமும் போரும் பாதியைக் காலி செய்தன. 1960-களிலும் 70-களிலும் 'எதிர்காலம் இல்லாத கிராமங்கள்' என்று அரசு பட்டியலிட்டுப் பள்ளியையும் கடையையும் மூடியதில் மீதியும் போனது. வீடுகள் மக்கி விழுந்தன. வரைபடம் வரைகிறவர்கள் கிராமக் குறியை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அங்கே போய் நின்றால் முதலில் தெரிவது காஞ்சொறிச் செடி, ஆளுயரத்துக்கு. தழைச்சத்து மிகுந்த மண்ணைத்தான் அது தேடும். தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய சாணமும் அடுப்புச் சாம்பலும் அந்த மண்ணில் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் கிழங்கு சேமித்த நிலவறைகள் சரிந்த பள்ளங்கள், வாசலில் நட்ட லைலாக் புதர், ஒன்றிரண்டு ஆப்பிள் மரங்கள். காடு நாலாபக்கமும் நெருங்கி வந்துவிட்டது, ஆனால் இந்தத் துண்டு இன்னும் தனியாகத் தெரிகிறது. தொகுச்சாயெவ் வெட்டியதுபோல ஒரு குழி வெட்டினால் மேலடுக்கு சுற்றுவட்டாரத்து மண்ணைவிடக் கறுத்தும் கனத்தும் இருக்கும்.

வரைபடத்தில் அந்தச் சுருக்கம் இரண்டே எழுத்து, இறுதியில் ஒரு புள்ளி. ரஷ்ய எழுத்தைக் கூட்டிப் படித்தால் வரும் ஒலி: ஊர்.

(தொடரும்)